மேற்படிப்பின் வாயிலில் நம் பிள்ளைகள்

மே மாதம் நமக்கு மாதாவின் வணக்க மாதம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதமும் அதுவே. செபமாலை ஏந்தும் கைகளில் அப்போது மதிப்பெண் பட்டியலும் விண்ணப்பத் தாள்களும் ஏறிவிடுகின்றன. பங்கு அலுவலகத்திற்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருவோரின் தொகையும் அந்நாட்களில் மிகுந்து விடுகின்றது. "ஃபாதர், எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம்? எந்தப் பாடம் எடுக்கலாம்? எவ்வளவு செலவாகும்?" என்று பெற்றோர் கேட்கும் கேள்விகள் யாவும் நியாயமானவையே. ஆனால், மே மாதத்தில் கேட்க வேண்டியவை அல்ல அவை. அதற்கு ஈராண்டுகள் முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டியவை. ஆகவேதான், அவசரம் இல்லாத வேளையில் குடும்பமாக அமர்ந்து படித்துப் பார்க்கத்தக்க சில செய்திகளை ஈண்டு எழுத முற்பட்டோம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் குடும்பங்களின் வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வளர்ந்தது. பாடியில் மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலைகள் அமைந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் பிழைப்புத் தேடி இங்கு வந்து குடியேறினர். பள்ளியிறுதிச் சான்றும் ஒரு தொழிற்பயிற்சியும் இருந்தால் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளலாம் என்றிருந்த காலம் அது. கல்லூரிப் படிப்போ பலருக்கு எட்டாக் கனி. 1969-இல் பட்டாபிராமில் இந்துக் கல்லூரி தோன்றிய பின் பட்டப்படிப்பு மின்சார இரயில் தூரத்திற்கு வந்தது. இன்று அக்கல்லூரியின் பெயராலேயே ஓர் இரயில் நிலையமும் இருக்கின்றது. 1984-க்குப் பின் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் பெருகின. நம் வட்டாரச் சாலைகளின் இரு மருங்கிலும் அவற்றின் பெயர்ப் பலகைகள் எழுந்தன.

அன்று பெற்றோரின் கவலை, "இடம் கிடைக்குமா?" என்பது. இன்று இடத்திற்குப் பஞ்சமில்லை. எந்த இடம், யாருக்கு ஏற்ற இடம், என்ன விலைக்கு என்பவையே இன்றைய கேள்விகள். பழைய கவலையோடு புதிய சந்தைக்குள் நுழையும் பெற்றோர், முதலில் கதவைத் திறந்துவிடுகின்றவரிடமே பணத்தையும் பிள்ளையையும் ஒப்படைத்து விடுகின்றனர். இழப்புகள் பலவற்றிற்கும் இதுவே தொடக்கம்.

பத்தாம் வகுப்பிலேயே பிரியும் பாதை

பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் பாடப்பிரிவு சில கதவுகளைத் திறக்கின்றது, சிலவற்றை மூடிவிடுகின்றது. கணிதம், இயற்பியல், வேதியியல் இல்லாதவர் பொதுப் பிரிவில் பொறியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இயலாது. தாவரவியலும் விலங்கியலும் எடுத்துக் கணிதத்தை விட்ட பிள்ளை, பின்னர் மருத்துவம் கிட்டாதபோது பொறியியல் பக்கம் திரும்ப முடியாமல் தவிக்கின்றது. உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு இரு கதவுகளையும் திறந்து வைக்கும். ஆயின் சுமையும் அதிகம். கணக்குப் பதிவியலில் ஆர்வமுள்ள பிள்ளையை, "அறிவியல் எடுத்தால்தான் மதிப்பு" என்று இழுத்துச் சென்று இயற்பியல் வகுப்பில் உட்கார வைப்பது அன்பின் செயலாகாது.

மதிப்பெண் கணக்கையும் முன்னரே அறிந்திருத்தல் நன்று. தமிழகத்தில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2007-இல் நீக்கப்பட்டது. அதன்பின் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை அமைக்கின்றனர். கணிதத்தில் 88, இயற்பியலில் 76, வேதியியலில் 80 பெற்ற மாணவிக்கு 88, 38, 40 ஆகியவை சேர்ந்து 166 வரும். கணிதத்தில் 70, இயற்பியலில் 84, வேதியியலில் 82 பெற்ற மாணவனுக்கோ 70, 42, 41 சேர்ந்து 153-தான். மொழிப் பாடங்களில் அவன் எவ்வளவு உயர்ந்து மொத்தத்தில் முந்தியிருந்தாலும் இக்கணக்கு மாறாது. இதைப் பதினொன்றாம் வகுப்பின் முதல் நாளில் அறிந்த பிள்ளை கணிதப் புத்தகத்தை வேறு கண்ணோடு பார்க்கும்.

மருத்துவப் பட்டப்படிப்புக்கு நீட் தேர்வு மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கின்றது. 2020-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் இது விரிந்தது. நம் மக்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கின்றது. நம் துறவற சபைகளும் மறைமாவட்டமும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு இவ்வொதுக்கீடு பொருந்தாது. நம் பள்ளிகள் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவை தரும் விசுவாச வளர்ப்பு விலை மதிப்பற்றது. எதைப் பெறுகின்றோம், எது நமக்கு இல்லை என்பதை ஐந்தாம் வகுப்பு முடியும்போதே தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

நம் குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர்கள் வழங்குவது உண்டு. ஞானஸ்நானத்தில் புனிதர் பெயர், பள்ளியில் தமிழ்ப் பெயர், வீட்டில் செல்லப் பெயர். அன்பு மிகுதியால் வைத்த பெயர்கள்தாம். ஆனால் விண்ணப்பக் காலத்தில் இவையே முட்டுக்கட்டையாகின்றன. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் வேறு எழுத்து, ஞானஸ்நானப் பதிவேட்டில் மூன்றாவது பெயர் என்றிருந்தால், மூன்றும் ஒரே பிள்ளையைத்தான் குறிக்கின்றன என்று யார் உறுதி கூறுவது? தந்தையின் பெயரிலும் முன்னெழுத்திலும் இதே குழப்பம் நேர்கின்றது.

ஞானஸ்நானப் பதிவேடு திருச்சபையின் ஆவணம். அதில் எழுதியதை வேண்டியவாறு அழித்து எழுதப் பங்குத் தந்தைக்கு உரிமை இல்லை. உரிய ஆதாரங்களோடு, உரிய அனுமதியோடு, ஓரத்தில் குறிப்பு எழுதித் திருத்தும் முறை உண்டு. அதற்கு நாட்கள் ஆகும். ஆகவே பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் வேளையிலேயே எல்லாத் தாள்களையும் எடுத்துப் பரப்பி வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் அச்சேறிய பெயரும் பிறந்த நாளும் வாழ்நாள் முழுதும் பின்தொடரும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையம் வழியே விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும். முதல் பட்டதாரிச் சான்று, குடும்பத்தில் முன்னர் எவரும் பட்டம் பெறாதிருந்தால் மட்டுமே கிடைக்கும். மூத்த பிள்ளை அச்சலுகையைப் பெற்றிருந்தால் இளைய பிள்ளைக்கு அது இல்லை. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழகத்தில் பயிலாதவர், தமிழகத்தைச் சேர்ந்தவரென இருப்பிடச் சான்று காட்ட வேண்டும். இராணுவப் பணியாலும் மத்திய அரசுப் பணியாலும் ஊர் ஊராக மாறி ஆவடிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் இதை மறத்தலாகாது. இச்சான்றுகள் யாவும் பொங்கலுக்குள் வீட்டில் இருந்தால், மே மாதத்தில் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அலைய வேண்டியதில்லை.

சான்றிதழும் மனச்சான்றும்

வேதனை தரும் ஒரு பொருளைப் பற்றியும் இங்குப் பேசியாக வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தைச் சேர்ந்தோர் மட்டுமே பட்டியல் சாதியினர் என வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றளவும் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் கிறித்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். தீண்டாமையின் வடு மதம் மாறியதால் மறைந்துவிடவில்லை என்பதை நம் கிராமங்களும், வெட்கத்தோடு சொன்னால் நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவும் அறியும். இவ்வநீதியை எதிர்த்தே இந்தியத் திருச்சபை ஆகஸ்டு 10-ஆம் நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து வருகின்றது.

சட்டம் இவ்வாறிருக்க, சில குடும்பங்கள் கல்விக்காக ஒரு சான்றில் இந்து என்றும், கத்தோலிக்கக் கல்லூரியில் இடம் வேண்டி மற்றொரு சான்றில் கத்தோலிக்கர் என்றும் காட்ட முயல்கின்றன. அவர்களைக் குற்றவாளிகளாக நாம் பார்க்கவில்லை. நெருக்கடி அவர்களை அந்நிலைக்குத் தள்ளியிருக்கின்றது. எனினும் உண்மையைச் சொல்வது நம் கடமை. ஞானஸ்நானம் பெற்று ஆலயத்திற்குச் சென்று வரும் ஒருவர், ஒதுக்கீட்டின் பொருட்டு மட்டும் இந்து என்று உரிமை கோர இயலாது என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. முரண்பட்ட இரு தாள்கள் ஒருநாள் சந்திக்கும். அன்று தலைகுனிவது தாள் எழுதிக் கொடுத்த பெரியோர் அல்லர், படித்து முடித்து வேலைக்குப் போன பிள்ளையே. கிறித்தவ ஆதிதிராவிடர் என்ற சான்றிதழுக்கும் உரிமைகள் உண்டு. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு உண்டு. ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைத் திட்டங்களிலும் மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்க்கு இடமுண்டு. இருக்கும் இவ்வுரிமையைத் தவறாமல் கேட்டுப் பெறுங்கள். மறுக்கப்பட்ட உரிமைக்காக எல்லோரும் சேர்ந்து குரல் எழுப்புவோம்.

கிறித்தவர்க்கெனத் தனி ஒதுக்கீடு உண்டா என்று பலர் வினவுகின்றனர். 2007-இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட கிறித்தவர்க்கு 3.5 விழுக்காடு தனியே வழங்கியது. அதனால் நன்மையைக் காட்டிலும் இழப்பே மிகுதி எனக் கண்டு நம் சமுதாயத் தலைவர்களே வேண்டிக்கொண்டதன் பேரில் 2008-இல் அது திரும்பப் பெறப்பட்டது. இப்போது பொதுவான பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலேயே நாம் இருக்கின்றோம்.

ஒரு விண்ணப்பம் எல்லாவற்றிற்கும் ஆகாது

ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டால் எல்லாக் கல்லூரிக்கும் போட்டது போலாகும் என்னும் எண்ணம் பல பெற்றோரிடம் காணப்படுகின்றது. அது சரியன்று. பொறியியல் கலந்தாய்வை 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகின்றது. அதற்கு ஒரு விண்ணப்பம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு வேறொரு பொது விண்ணப்பம். வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு வேறு விண்ணப்பங்கள். செவிலியர் படிப்புக்கு மற்றொன்று. அரசு உதவிபெறும் கல்லூரிகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் தத்தம் விண்ணப்பங்களைத் தாமே பெறுகின்றன. முடிவுகள் வெளிவந்த சில நாட்களிலேயே சில கல்லூரிகள் முதற்பட்டியலை ஒட்டிவிடுகின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு இருக்கின்றது. கட்டடக் கலைக்குத் தனித் திறனறித் தேர்வு உண்டு. இவ்விரண்டுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுக்குக் காத்திராமல் முன்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு சிறு குறிப்பேடு வாங்குங்கள். கல்லூரி, பாடம், விண்ணப்பத்தின் கடைசி நாள், கட்டணம், விண்ணப்ப எண், கடவுச்சொல் ஆகியவற்றை அதில் பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். பதிவு செய்யும் கைப்பேசி எண் வீட்டில் நிலையாக உள்ள எண்ணாக இருக்கட்டும். கணினி மையத்துக்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, கல்லூரியிலிருந்து வந்த செய்தியை அறியாமலே இடத்தை இழந்த பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம்.

மூன்று வகைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தல் விவேகம். சற்றே எட்டாதது ஒன்று. பெரும்பாலும் கிடைக்கக் கூடியது இரண்டு. ஐயமின்றிக் கிடைப்பது ஒன்று. நுங்கம்பாக்கம், மயிலாப்பூர் என்று மாநகரின் நடுவிலுள்ள கல்லூரிகளுக்கு மட்டும் விண்ணப்பித்து, அருகிலுள்ள அரசு உதவிபெறும் கல்லூரியைப் புறக்கணித்தவர் ஜூலையில் இரண்டிலும் இடமின்றி நிற்கக் காண்கின்றோம். திருநின்றவூரிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ நாள்தோறும் சென்று வர ஆகும் நேரத்தையும், மாலை வகுப்பு முடிந்து பெண்பிள்ளை வீடு திரும்பும் வேளையையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

விருப்பப் பட்டியலை நிரப்புவது யார்?

பொறியியல் கலந்தாய்வில் தரவரிசைப்படி அழைப்பு வந்ததும், மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திக் கணினியில் பதிய வேண்டும். எத்தனை விருப்பங்கள் வேண்டுமாயினும் தரலாம். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் கிடைப்பதை இயந்திரம் ஒதுக்கிவிடும். ஆகவே வரிசையே முக்கியம். உண்மையில் விரும்புவது மேலே இருக்க வேண்டும். கிடைத்தாலும் சேர மனமில்லாதது பட்டியலில் இருக்கவே கூடாது. ஒதுக்கீடு வந்தபின் அதை ஏற்பதா, மேல்விருப்பத்திற்குக் காத்திருப்பதா என்பதைக் குறித்த நாட்களுக்குள் உறுதி செய்யாவிடில் இடம் கைநழுவும்.

இந்தப் பட்டியலைத்தான் தரகர்கள் குறிவைக்கின்றனர். "நாங்களே எல்லாம் செய்து தருகின்றோம்" என்று இனிமையாகப் பேசி, கடவுச்சொல்லை வாங்கி, தமக்குத் தரகு தரும் கல்லூரியை முதல் விருப்பமாக வைத்துவிடுவோர் உண்டு. நாம் அறிந்த ஒரு குடும்பம், முடிவு வருமுன்பே ஓர் இடைத்தரகரிடம் முன்பணமும் மூலச் சான்றிதழ்களும் கொடுத்துவிட்டது. பிள்ளைக்குக் கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்தபோது சான்றிதழ்கள் கையில் இல்லை. அவற்றை மீட்பதற்குள் அத்தந்தை தம் வேலைக்கு எத்தனை நாள் விடுப்பு எடுத்தார் என்பதை எண்ணினால் நெஞ்சம் கனக்கின்றது.

மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி நேரில் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், தன்னிடம் வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. நன்கொடை என்னும் பெயரில் கட்டணத்திற்கு மேல் பணம் பெறுவதைத் தமிழகத்தில் 1992-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கின்றது. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இரசீது கேளுங்கள். இரசீது தர மறுக்கும் இடத்தில் பிள்ளைக்கு நேர்மையைக் கற்பிக்க எவரேனும் இருப்பரோ?

பங்குத் தந்தையின் கடிதம்

1925-இல் இயேசு சபையார் நிறுவிய இலயோலா கல்லூரி, 1947-இல் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபைக் கன்னியர் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி முதலியவை நம் திருச்சபை இந்நாட்டிற்கு அளித்த கொடைகள். அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிலையங்கள் நிறுவி நடத்தும் உரிமை அளிக்கின்றது. அவ்வுரிமையின் வழியே கத்தோலிக்க மாணவர்க்கு இக்கல்லூரிகளில் இடங்கள் கிடைக்கின்றன. அவற்றிற்காக ஞானஸ்நானச் சான்றும் பங்குத் தந்தையின் கடிதமும் கேட்கின்றனர்.

அக்கடிதம் ஒரு சாட்சியம் மட்டுமே. அதிகாரக் கட்டளை அன்று. இக்குடும்பம் இப்பங்கைச் சேர்ந்தது, இவர்கள் திருவருட்சாதனங்களில் பங்கு கொள்கின்றனர் என்று நாம் அறிந்ததை எழுதலாம். அறியாததை எழுத இயலாது. ஞாயிறு திருப்பலியில் ஒருபோதும் காணாத முகம் ஜூன் மாதத்தில் வந்து, "எங்களை நன்கு அறிவேன் என்று எழுதுங்கள்" என்று கேட்டால் பங்குத் தந்தை என் செய்வார்? குடும்பத்தைப் பங்கின் பதிவேட்டில் சேர்த்து, அன்பியக் கூட்டங்களில் கலந்துகொண்டு, மறைக்கல்வி வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பியிருந்தால் கடிதம் தானாகவே எழுதப்பட்டுவிடும். இக்கல்லூரிகளின் கதவருகே நம் பிள்ளைகளுடன் பிற சமய ஏழைப் பிள்ளைகளும் நிற்கின்றனர் என்பதையும் மறவாதிருப்போம்.

கோபுரத்தின் செலவு

கோபுரம் கட்டத் தொடங்குமுன் அமர்ந்து கணக்கிடும் மனிதனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நாம் அறிவோம். கல்லூரிப் படிப்பும் அத்தகைய கோபுரமே. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டில் பிள்ளையை நிறுத்தும் துயரம் நம்மிடையே இல்லாமலில்லை. கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பேருந்து, புத்தகம், உடை எல்லாவற்றையும் சேர்த்து முழுப் படிப்புக்கும் கணக்கிடுங்கள்.

வங்கிகள் பொதுவாக 7.5 இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையமின்றிக் கல்விக் கடன் தருகின்றன. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். ஆயின் வட்டி உறங்குவதில்லை. ஆண்டுக்கு ஓர் இலட்சம் வீதம் நான்காண்டுகள் பெற்று, நூற்றுக்குப் பத்து வீதம் தனி வட்டி என வைத்துக்கொண்டால், படிப்பு முடிந்து ஓராண்டில் வட்டி மட்டுமே 1,40,000 ரூபாய் ஆகியிருக்கும். கந்துவட்டிக்கும் நகை அடகுக்கும் இது எவ்வளவோ மேல் என்பது உண்மை. ஆனாலும் கடன் கடனே.

அரசின் உதவிகளையும் அறிந்துகொள்ளுங்கள். முதல் பட்டதாரிக்குரிய கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் பெற்ற இடத்திற்கே உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டு இடத்திற்கு இல்லை. அரசுப் பள்ளி மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றோரும் இவற்றில் சேர்க்கப்பட்டிருக்கின்றனர். நம் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பலர் இதை அறியாமலிருக்கின்றனர். அறிந்தோர் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கைத்தொழில் இழிவன்று

எல்லாப் பிள்ளைகளும் பட்டப்படிப்புக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சத்தியமூர்த்தி நகரிலுள்ள முருகப்பா பாலிடெக்னிக் 1957 முதல் பட்டயப் படிப்பு அளித்து வருகின்றது. அம்பத்தூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கின்றது. பத்தாம் வகுப்பு முடித்த மாணவன் மூன்றாண்டுப் பட்டயம் பெறலாம். பின்னர் நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பன்னிரண்டு முடித்தவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு. பெயரளவில் பொறியியல் பட்டமும் கழுத்தளவு கடனும் கொண்டு நிற்பதைவிட, கையில் தொழிலும் மடியில் கடனின்மையும் கொண்டு தொடங்குவது சிறந்ததன்றோ? தச்சுப் பட்டறையில் உழைத்த புனித சூசையப்பரை வணங்கும் நாம், இயந்திரப் பட்டறையைத் தாழ்வாகக் கருதலாமா? 1850-களின் தொடக்கத்திலேயே தூரின் நகரில் தம் சிறுவர்களுக்காகப் பட்டறை முதலாளிகளோடு எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்து, உழைக்கும் நேரத்தையும் ஓய்வு நாளையும் உறுதி செய்தவர் புனித தொன் போஸ்கோ.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் பெற்றோர்க்கும் ஒரு சொல். பார்வையற்ற சிறார்க்கான அரசுப் பள்ளி நம் பூந்தமல்லியிலேயே இயங்குகின்றது. 2016-ஆம் ஆண்டின் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களில் இவர்களுக்கு ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியிருக்கின்றது. வீட்டில் ஒதுக்கி வைக்காமல் விண்ணப்பம் போடுங்கள்.

பிள்ளையின் உள்ளம்

பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் நினைவூட்டிற்று. ஆசிரியரின் பணி, மாணவனைத் தம் நகலாக்குவது அன்று. அவனிடம் இறைவன் வைத்த தாலந்தைக் கண்டுபிடிப்பது. தந்தைக்குக் கிட்டாத பட்டத்தை மகன் மீது சுமத்துவதும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சாப்பாட்டு வேளையில் ஓதுவதும் நம் இல்லங்களில் நின்றாக வேண்டும். பெண்பிள்ளைக்கு, "எப்படியும் கலியாணம்தானே" என்று அருகிலுள்ள ஏதோ ஒன்றைத் தேர்ந்து, ஆண்பிள்ளைக்கு நகையை விற்பதும் அநீதியே.

மதிப்பெண் குறைந்தால் உலகம் முடிந்துவிடாது. தவறிய பாடத்திற்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடைபெறுகின்றது. வென்றால் அவ்வாண்டே சேரலாம். முடிவு வெளிவரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். உறவினரின் தொலைபேசி அழைப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை உணவையும் பேச்சையும் தவிர்த்து ஒடுங்கினால் தயங்காது உதவி நாடுங்கள்; 104, 14416 ஆகிய எண்களில் ஆலோசனை தருவோர் இருக்கின்றனர்; பங்கு இல்லத்தின் கதவும் திறந்தே இருக்கும். தேர்வு எழுதுவோர் வேண்டிக்கொள்ளும் கூப்பர்த்தீனோ நகர்ப் புனித சூசை, படிப்பில் மிகவும் இடர்ப்பட்டவரே. பாடம் ஏறாத அவரைத்தான் திருச்சபை மாணவர்களின் பாதுகாவலராகப் போற்றுகின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பங்கிலும் பட்டம் பெற்ற இளைஞர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருக்கின்றனர். ஞாயிறு திருப்பலிக்குப் பின் இரண்டு மணி நேரம், ஒரு கணினி, ஒரு மேசை, இவை போதும். அங்கே தரகு இல்லை. கடவுச்சொல்லைக் களவாடுவோரும் இல்லை. வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர் இயக்கத்தாரும் வரும் தைத் திங்களிலேயே இதைத் தொடங்குவார்களாக. தாமே தட்டுத் தடுமாறி வழி கண்டவர், அடுத்து வருவோர்க்கு விளக்கேந்தி நிற்பது பெரும் தர்மம்.

ஞானத்தின் இருப்பிடமான அன்னை மரியாள் நம் பிள்ளைகளுக்குத் தெளிந்த அறிவையும், பெற்றோர்க்குப் பொறுமையையும் பெற்றுத் தருவாராக.